ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் ரோபோட்டிக்ஸ் கற்றுத்தரும் தொண்டு நிறுவனத்துக்கு எப்படி உதவலாம்?

காசு கொடுப்பது நல்லதுதான், ஆனால் முதலில் என்ன குறைகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். ரோபோவை இயக்கும் சர்க்கிட் போர்டு இருக்கும், எரிந்த மோட்டார், அறுந்த வயர், தீர்ந்த பற்றரிக்குத்தான் மாற்று இருக்காது. ஆர்டுயினோ என்ற போர்டு 2005இல் இத்தாலியில் தொடங்கியது, அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் அதே மாதிரி மலிவு போர்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆகவே விலையுயர்ந்த கிட் ஒன்றை வாங்கிக் கொடுத்து அது பழுதாகிவிடும் என்று அலுமாரியில் பூட்டப்படுவதைவிட (நடக்கும்!) நாலு பிள்ளைகளுக்கு ஒன்றாக மலிவானதை வாங்குவது மேல். மைக்ரோபிட் என்ற சின்னப் போர்டு என்றால் இரண்டு ஏஏஏ பற்றரியிலேயே ஓடும், மழைக்குக் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. நிரல் ஏற்ற மட்டும் லேப்டாப்பில் சார்ஜ் வேண்டும். சரி, கையில் காசு இல்லையா? சோல்டரிங் (ஈயத்தை உருக்கி வயரைப் பொருத்துவது) தெரிந்தால் சனிக்கிழமைகளில் போய்ச் சொல்லிக் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் செய்முறைத் தாள்களைப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுங்கள்.