மேனேஜர் இல்லாமல் விடுமுறை வீட்டை நடத்த முடியுமா?

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர் ஒன்றில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது. நாங்கள் வசிப்பது அங்கிருந்து மூன்று மணி நேரப் பயண தூரத்தில். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறோம். வீட்டை நாள் வாடகைக்கு விட நினைக்கிறோம். ஒரு ப்ராபர்ட்டி மேனேஜர் மொத்த வாடகையில் 25 சதவீதம் கேட்கிறார். நாங்களே சமாளிக்க முடியுமா? வீட்டுக்குள் கேமரா வைத்துக் கண்காணிக்கலாமா?

பதில்: தாராளமாகச் சமாளிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்து நிற்கக்கூடிய, நீங்கள் நம்பும் ஒருவர் அந்த ஊரில் இருக்க வேண்டும். அவர் கிடைக்கும்வரை முன்பதிவு இணையதளங்களில் லிஸ்டிங் (வீட்டைப் பற்றிய விளம்பரப் பக்கம்) போடாதீர்கள்.

முதலில் அந்த 25 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது லாபத்தில் அல்ல, வந்த வாடகையில். வாடகையாக 100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துப்புரவு, மின்சாரம், முன்பதிவு இணையதளத்தின் கமிஷன், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 45 போனால் மிஞ்சுவது 55. அதில் 25 மேனேஜருக்குப் போனால் உங்கள் கையில் 30. லாபத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. துப்புரவுக் கூலிக்குத் தனி பில் போடுகிற மேனேஜர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மேனேஜர் செய்யும் வேலைகளில் விலை வைப்பது, விருந்தினர்களுக்குப் பதில் சொல்வது, காலண்டரைப் பார்ப்பது எல்லாமே போனிலேயே முடிந்துவிடும். போனில் முடியாத வேலை, ஒருவர் கிளம்பி அடுத்தவர் வருவதற்குள் வீட்டைத் தயார் செய்வதுதான். செக்-அவுட் காலை 11 மணி, செக்-இன் பிற்பகல் 3 மணி என்றால் இடையில் இருப்பது நான்கு மணி நேரம். இந்தத் தொழிலின் பெயரும் கெட்ட பெயரும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் இருக்கின்றன.

அதனால் துப்புரவு செய்பவரை வெறும் வேலையாளாக நினைக்காதீர்கள். அந்த வீட்டில் உங்கள் கண்ணும் கையும் அவர்தான். மாதச் சம்பளத்தைவிட ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஊரில் கொடுப்பதைவிடச் சற்று கூட்டிக் கொடுங்கள், வேலை முடிந்த அன்றே கொடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வருவதற்கு இன்னொருவரையும் முன்பே பழக்கி வையுங்கள். இந்த இரண்டாவது ஆளைத்தான் பலரும் ஏற்பாடு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் தாங்களே காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாகிறது.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் கட்டிலுக்கு மூன்று செட் இருக்கட்டும். ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில், ஒன்று சலவையில். நான்கு மணி நேரத்துக்குள் துவைத்து, உலர்த்தி, விரித்துவிடலாம் என்று நம்பி இறங்கினால் ஈரத் துண்டோடுதான் விருந்தினரை வரவேற்பீர்கள். எல்லாமே வெள்ளையாக இருந்தால் கறையை ப்ளீச்சில் எடுக்கலாம். ஒரு உறை கிழிந்தாலும் செட் கெடாது. மெத்தைகளுக்குத் தண்ணீர் புகாத உறை கட்டாயம்.

வேலை முடிந்ததும் அவர் உங்களுக்குப் படங்கள் அனுப்ப வேண்டும். அழகான கோணத்தில் எடுத்த வரவேற்பறைப் படம் வேண்டாம். குளியலறைத் தண்ணீர் போகும் துளையின் சல்லடை, ஃபிரிட்ஜின் உள்பக்கம், கட்டிலுக்கு அடியில், அடுப்பின் திருகுகள், ரிமோட் இருக்கும் இடம். சல்லடையில் ஒரு முடி கிடந்தால் போதும், வீடு முழுவதும் அழுக்கு என்றே விருந்தினர் முடிவு கட்டுவார். தேதியோடு இருக்கும் இந்தப் படங்கள், ஏதாவது உடைந்தால் இழப்பீடு கேட்கவும் ஆதாரம். ஏர்பிஎன்பி என்ற முன்பதிவு இணையதளத்தில் விருந்தினர் செக்-அவுட் செய்து 14 நாட்களுக்குள் கேட்டாக வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு மாதமாவது ஒரு முன்பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். காலண்டர் அமைப்பிலேயே இதற்கு வசதி உண்டு. கொஞ்சம் வருமானம் குறையும், பரவாயில்லை. குறைந்தபட்சத் தங்கலை இரண்டு அல்லது மூன்று இரவுகளாக வையுங்கள். ஆறு இரவுகளுக்கு ஆறு தனித்தனி விருந்தினர் வந்தால் ஆறு முறை துப்புரவு. இரண்டே குடும்பங்கள் மூன்று மூன்று இரவு தங்கினால் இரண்டு முறைதான். தூரத்திலிருந்து நடத்துபவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

விருந்தினர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எப்படி உள்ளே போவது, வைஃபை பாஸ்வேர்டு என்ன, வண்டியை எங்கே நிறுத்துவது, வெந்நீர் எப்படி வரும். இவற்றுக்கான பதிலை ஒரு முறை எழுதி, வருகைக்கு இரண்டு நாள் முன்பு தானாகப் போகும்படி அமைத்துவிடுங்கள். ஆனால் அவர்கள் வந்த மறுநாள் காலையில் “எல்லாம் வசதியாக இருக்கிறதா, ஏதாவது தேவைப்படுகிறதா?” என்று கேட்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். ஒழுகும் குழாயைப் பற்றி அன்றே சொல்லிவிட்டால் சரிசெய்துவிடலாம். சொல்லாமல் போனால் அது ரிவ்யூவில் வரும். ஐந்து பேரில் நால்வர் 5 கொடுத்து ஒருவர் 4 கொடுத்தாலே சராசரி 4.8தான், சிறந்த வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி தரும் ‘சூப்பர்ஹோஸ்ட்’ தகுதிக்கான எல்லைக்கோடும் அதுவே.

சாவிக்கு, எண் அழுத்தித் திறக்கும் ஸ்மார்ட் லாக் நல்லது. ஒவ்வொரு விருந்தினருக்கும் புது எண் கொடுத்து, அவர் கிளம்பியதும் அழித்துவிடலாம். பேட்டரி தீர்ந்து போகும் நாளுக்காக, எண் பூட்டுள்ள சிறு பெட்டியில் சாதாரணச் சாவி ஒன்று வெளியே இருக்கட்டும். தண்ணீர் மெயின் வால்வில் ஒரு சிவப்பு நாடா கட்டி, அதன் படத்தை வீட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் குழாய் வெடித்தால் பிளம்பர் வருவதற்கு முன் விருந்தினரே மூடிவிடுவார். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரிலும் இரண்டிரண்டு பேர் எண்களை வாங்கி வையுங்கள்.

இரண்டு முன்பதிவு இணையதளங்களில் வீட்டைப் போடுவதாக இருந்தால் எச்சரிக்கை. காலண்டர் இணைப்பு முகவரியை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டுவது இலவசம்தான். ஆனால் அது உடனுக்குடன் புதுப்பிக்காது, சில மணி நேரம் தாமதமாகும். அந்த இடைவெளியில் ஒரே இரவை இருவர் பதிவு செய்துவிட முடியும். முதல் ஆறு மாதம் ஒரே தளத்தில் இருங்கள். பிறகு விரிவாக்குவதானால், பல தளங்களின் காலண்டர்களை ஒன்றாக வைத்துக்கொள்ளும் சேனல் மேனேஜர் மென்பொருளுக்குப் பணம் கட்டுவது தகும்.

இதையெல்லாம் தொடங்கும் முன், உள்ளாட்சி விதியையும் குடியிருப்புச் சங்க விதியையும் பாருங்கள். லண்டனில் தனி அனுமதி இல்லாமல் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் விட முடியாது. நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாகத் தங்க வைப்பதானால் வீட்டுக்காரரும் அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் ஊரின் விதி எதுவோ அதை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு, காசு கொடுத்துத் தங்குபவர்களால் வரும் சேதத்தை ஏற்காமல் போகலாம்.

இருவருமே வேலை நேரத்தில் போனைத் தொட முடியாதவர்கள் என்றால், பதில் சொல்வதை மட்டும் ஒரு கோ-ஹோஸ்டிடம் (உங்கள் சார்பில் விருந்தினரைக் கவனிக்கும் துணை ஆளிடம்) கொடுங்கள். அதற்கு 25 சதவீதம் கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

கேமரா விஷயத்தில் என் பதில், வேண்டவே வேண்டாம். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமராவை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. அணைத்து வைத்திருந்தாலும் தவறுதான். தடை இல்லாத இடத்திலும் நான் வைக்கச் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து ஓய்வெடுக்க வருபவர்கள் அவர்கள். வாசலுக்கு வெளியே ஒன்று வைக்கலாம், அது இருக்கும் இடத்தை லிஸ்டிங்கில் எழுதிவிட வேண்டும். கூச்சல், விருந்து என்று பயமிருந்தால் சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவியை வரவேற்பறையில் வைத்து, அதையும் லிஸ்டிங்கில் சொல்லிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்யாத கருவியா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.