பிறந்த மண் எது?

கேள்வி: பிழைக்க வழியிருந்தும் பணத்தாசையில்தானே சொந்த நாட்டை விட்டுப் போகிறார்கள்? கஷ்டமோ நஷ்டமோ, பிறந்த மண்ணிலேயே இருந்து பார்த்தால் என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐ.டி. வேலைக்கு அமெரிக்கா போன பக்கத்து வீட்டுப் பையனை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அவனை விடுங்கள், பிழைத்துக்கொள்வான்.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) இருந்து பார்த்தவர்கள் இங்கே லட்சக்கணக்கில் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி கொடுத்தது முன்பணம். வாங்கியவன் பேரில் ஏறியது கடன். வழிச்செலவிலிருந்து எல்லாமே அந்தக் கணக்கில்தான். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் இவ்வளவு பாக்கி, கட்டினால் ஆளை விடுகிறோம் என்று ஒரு 'துண்டு' எழுதித் தருவார்கள், அந்தப் பாக்கியைப் புதுத் தோட்டம் கட்ட வேண்டும், அது மறுபடி இவன் தலையில். 1921-ல்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். இதில் திரைகடல் ஓடித் திரவியம் தேடியது யார், நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஆசைப்பட்டே போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்ததாவது அவர்கள் இஷ்டமா? 1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கணக்குப் போட்டார்கள்: மொத்தம் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எத்தனை பேர் என்பது முதலில் முடிவாயிற்று, யார் யார் என்பது அப்புறம்தான். பாகப்பிரிவினையில் ஆடுமாடு பிரிக்கிறவன்கூட எது பால் கறக்கிறது என்று ஒரு தடவை பார்ப்பான்.

வந்தவர்களுக்கு நம் அரசாங்கம் வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வந்தவர்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்துக் கூடை. அங்கே கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன்.

பிறந்த மண்ணிலேயே இருக்கச் சொல்கிறீர்களே, இவர்கள் பிறந்தது ஹட்டனிலும் பதுளையிலும்.