நடக்கவே நடக்காதுன்னு பழமொழி சொல்றதுல ஏதாவது நிஜமா நடந்திருக்கா?

நடந்திருக்கு. நம்ம ஊரு கிழவிமாரு சொல்ற லிஸ்ட்ல முக்காவாசி நடந்து முடிஞ்சாச்சு, நாமதான் கவனிக்கல. விமானம், நிலாவுக்குப் போனது, நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓடினது இதெல்லாம் இந்தக் கேள்விக்கு எல்லாரும் எழுதிருவாங்க (அந்த ஓட்டக் கதையில "ஓடினா செத்துருவான்னு டாக்டர்மாரே சொன்னாங்க"ன்னு வர்றது பெரும்பாலும் பின்னால சேத்த மசாலா, 1945-லயே ஒருத்தர் 4 நிமிஷம் 1.4 செகண்ட்ல ஓடியாச்சு, மிச்சம் ஒண்ணரை செகண்டுக்கு யாரு சாவா). அதனால நான் நம்ம பழமொழியள மட்டும் எடுத்துக்கிடுதேன்.

மொதல்ல மணல். "மணலைக் கயிறா திரிக்கது"ன்னா ஆகாத காரியம், இல்லன்னா வாயாலயே வடை சுடுற ஆளுன்னு அர்த்தம். நான் மார்த்தாண்டம் பக்கம் பிராட்பேண்ட் ஃபைபர் வேலை பாக்கறவன், எனக்கு சோறு போடறதே அந்தக் கயிறுதான். ஃபைபர் கேபிள உரிச்சு உள்ள பாத்தா இருக்கறது கண்ணாடி இழை, கண்ணாடிக்கு ஆதாரம் சிலிக்கா, சிலிக்காங்கறது மணல்ல இருக்கற அதே சரக்கு. சும்மா கடக்கரை மண்ண அள்ளி உருக்கினா ஆகாது, ரொம்ப சுத்தப்படுத்தி ஒரு கம்பியா செஞ்சு 2000 டிகிரி கிட்ட சூடாக்கி மேல இருந்து கீழ இழுத்துட்டே வருவாங்க, கிலோமீட்டர் கணக்குல நீளும், தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல எட்டுல ஒண்ணு.

இதுவும் ஒரு காலத்துல "அதெல்லாம் ஆகாது"ன்னு ஒதுக்கி வச்ச சமாச்சாரம்தான். 1960-கள்ல நல்ல கண்ணாடின்னு சொன்னதுலயே வெளிச்சம் 20 மீட்டர் போறதுக்குள்ள நூத்துல ஒரு பங்குதான் மிஞ்சும், அத வச்சு ஊருக்கு ஊரு எப்பிடி பேசறது? 1966-ல சார்லஸ் காவ்ங்கறவரும் அவரு கூட வேலை பாத்தவரும் சேந்து கணக்குப் போட்டு, குத்தம் கண்ணாடி மேல இல்ல, அதுல கலந்திருக்கற இரும்பு மாதிரி அழுக்கு மேலதான், அத எடுத்துட்டா ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஒரு சதவீதம் மிஞ்சும், அது போதும்னு எழுதினாங்க. 1970-ல அமெரிக்காவுல கார்னிங் கம்பெனி அதவிட நல்லாவே செஞ்சு காட்டிச்சு. இப்ப நாங்க போடற ஃபைபர்ல கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் போனாதான் அந்த ஒரு சதவீதத்துக்கு வரும். காவுக்கு 2009-ல நோபல் குடுத்தாங்க. எங்களுக்கு என்னன்னா ரோட்டுல எவனாவது ஜேசிபி வச்சு தோண்டி கேபிள அத்துட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்ப்ளைசிங் மெஷின (அத்த இழைய ஒட்டற மெஷின்) தூக்கிட்டு ஓடணும், அதாக்கும் கிடைச்ச பரிசு.

மணல் கயிறுன்னு சொல்லும்போது எங்க கடக்கரையில இருக்கற மணவாளக்குறிச்சிய விட்டுட்டுப் போக மனசு வரல. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காநார் கயித்துல ஒட்டிட்டிருந்த மணல பாத்து, இதுல மோனசைட் இருக்கேன்னு கண்டுபிடிச்சாரு. மோனசைட்ல தோரியம்ங்கற கதிரியக்க உலோகம் உண்டு, அன்னைக்கு கேஸ் விளக்கு மேன்டிலுக்கு தோரியம் வேணும், நேரா வந்து அடுத்த வருஷமே மணவாளக்குறிச்சில ஆலை போட்டாரு. கயித்துல இருந்து மணல் கிடைச்ச கதை இது.

அதே மணல்ல இன்னொரு "முடியாது"வும் ஒளிஞ்சு கிடக்கு. 1835-ல ஆகஸ்ட் காம்ட்னு ஒரு பிரெஞ்சு தத்துவஞானி, நட்சத்திரம் எதால ஆனதுன்னு மனுஷனால தெரிஞ்சுக்கவே முடியாதுன்னு எழுதி வச்சாரு. நியாயமான பேச்சுதான், யாரு போய் ஒரு பிடி அள்ளிட்டு வர்றது? ஆனா யாரும் போகல, வெளிச்சம் தானா இங்க வருதே, ஒவ்வொரு பொருளும் அதுல தனக்குன்னு கோடு போட்டிருக்கும், அதப் பிரிச்சுப் பாத்தா போதும்னு 1859-60-ல கிர்ச்சாஃப், பன்சன்னு ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிங்க காட்டிட்டாங்க. 1868-ல குண்டூர்ல இருந்தெல்லாம் சூரிய கிரகணத்தப் பாத்தாங்க, அந்த வருஷமே சூரியன் வெளிச்சத்துல தெரிஞ்ச ஒரு மஞ்சக் கோட்ட வச்சு பூமியில அதுவரைக்கும் யாரும் கண்டிராத ஒரு பொருளு அங்க இருக்குன்னு சொன்னாங்க, அதுதான் ஹீலியம். பூமியில அத பிடிச்சது 1895-லதான். தோரியம் சிதையும்போது வெளிய வர்றது ஹீலியத்தோட கரு, அதனால மோனசைட் மணலுக்குள்ள ஹீலியம் சிறைப்பட்டுக் கிடக்கும். நட்சத்திரத்துல இருக்கறது தெரிய வராதுன்னு காம்ட் சொன்னாரு, அது நம்ம கடக்கரையில கால்ல ஒட்டுது.

மத்தத கொஞ்சம் வேகமா சொல்லிடறேன்.

கல்லுல நார் உரிக்கது: ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் கல்ல கையால பிரிச்சாலே இழை இழையா வரும், ரோமாபுரிக் காலத்துலயே அதுல துணி நெய்ஞ்சு அழுக்கானா தீயில போட்டு எடுத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா புத்துநோய், உலகத்துல எவ்வளவோ நாடு தடை பண்ணியாச்சு, நாம இன்னும் மாட்டுக் கொட்டகைக்கு ஷீட் போட்டுட்டு இருக்கோம்.

முயல் கொம்பு: அமெரிக்காவுல ஒரு வகை காட்டு முயலுக்கு ஒரு வைரஸ் வந்தா தலையிலயும் முகத்துலயும் கொம்பு மாதிரி கறுப்பா கட்டியா வளரும், 1933-ல ரிச்சர்ட் ஷோப் அது வைரஸ்தான்னு நிரூபிச்சாரு. பாவம் அந்த முயலுக்கு வாயத் திறந்து தின்ன முடியாம போயிரும். இதெல்லாம் கொம்பான்னு சண்டைக்கு வராதீங்க.

வெள்ளைக் காக்கா: உண்டு, நிறமி இல்லாம பொறக்கும், அவ்ளோதான்.

இனி மாத்தூர் தொட்டிப்பாலம். டூரிஸ்ட்டா வர்றவங்க பாலத்துல நடந்து, கீழ பாத்து தலை சுத்தி, அன்னாசிப்பழம் வாங்கித் தின்னுட்டுப் போயிருவாங்க. "மேட்டுக்கு வெள்ளம் ஏறுமா"ன்னு எங்க பாட்டா எதுக்கெடுத்தாலும் கேப்பாரு (பாட்டான்னா தாத்தா, வெள்ளம்னா எங்க ஊருல தண்ணி). அவருக்கு வயலு இருந்தது மேட்டுல, நடுவுல பெரிய பள்ளம், பள்ளத்துல பறளியாறு, ஆறு ஓடுது ஆனா வயலுக்கு பிரயோஜனம் இல்ல. காமராஜர் காலத்துத் திட்டம், 1966-ல பாலம் வந்துது, 28 தூணு, 115 அடி உயரம், 384 மீட்டர் நீளம், மேல தொட்டி மாதிரி ஏழடி ஆழத்துக்கு வாய்க்கா. ஆத்துக்கு மேல இன்னொரு ஆறு போவுது. மோட்டாரு ஒண்ணும் கிடையாது, வெறும் சரிவுதான். மேட்டுக்கு வெள்ளம் ஏறாதுங்கறது அன்னைக்கும் உண்மை இன்னைக்கும் உண்மை, அந்த இன்ஜினியர்மாரு அத ஏத்தவே இல்ல, கீழ எறங்க விடாம மேட்டுலயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாட்டாட்ட இத சொன்னப்ப "அது ஏறினது இல்ல மக்கா, கடந்தது"ன்னாரு, பழமொழிய விட்டுக் குடுக்க மாட்டாரு.

அவரு சொன்னதுதான் சரின்னு எனக்கு இப்ப தோணுது. மேல சொன்ன எல்லாத்துலயும் இப்படித்தான் நடந்திருக்கு. யாரும் மணல உள்ளங்கையில வச்சு திரிக்கல, சூரியனுக்கு ஆளு போகல. பழமொழி எந்த வழிய அடைச்சுதோ அந்த வழி அடைச்சே கிடக்கு, இவங்க பக்கத்துல வேலியில ஓட்டை போட்டு போயிட்டாங்க.

ஆனா ஒரு வகை பழமொழி இருக்கு, அதுக்கும் இயற்கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "பொட்டக்கோழி கூவி பொழுது விடியுமா"ன்னு ஒண்ணு. அறிவியலா பாத்தாலே தப்பு, கோழிக்கு வேலை செய்யற சினைப்பை ஒண்ணுதான், அது கெட்டுப்போனா ஹார்மோன் மாறி கொண்டை வளந்து சேவல் மாதிரியே கூவும், கிராமத்துல பாத்திருக்கலாம், அபசகுனம்னு அறுத்துருவாங்க. அந்தப் பழமொழி கோழியப் பத்தினது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். இதே தெக்குத் திருவிதாங்கூர்ல (இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம்) நாடார் பொம்பளைய தோள்ல ஒரு சீலை போடறதுக்கு 1822-ல தொடங்கி 1859 வரைக்கும் அடி வாங்கிப் போராட வேண்டியிருந்துது. 1859 ஜூலைல ராஜா அறிவிப்பு போட்டப்பவும் மேல்சாதிப் பொம்பளைய மாதிரி போடப்படாதுன்னு ஒரு கொக்கி வச்சுதான் போட்டாரு. அன்னைக்கு "அது எப்பிடி முடியும்"னு சொன்னவங்களுக்கு அது முடியக்கூடாதுங்கறதுதான் விஷயம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கூடின மாவட்டம் இதே கன்னியாகுமரிதான். இந்த மாதிரி "முடியாது"க்கு இன்ஜினியர் தேவையில்ல.

அப்போ முடியாததுன்னு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. 1996-ல தண்ணியில மூலிகை போட்டு பெட்ரோல் எடுக்கேன்னு ஒருத்தர் கிளம்பினது ஞாபகம் இருக்கும், பேப்பரெல்லாம் அதுதான். கடைசியில மோசடின்னு கேஸ் ஆகி 2016-ல தண்டனை வந்துது. தண்ணிங்கறது ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி, சாம்பல மறுபடி எரிக்கணும்னா விறகோட செலவ விட ஜாஸ்தி செலவாகும். 1775-லயே பாரிஸ் அறிவியல் அகாதமி, தானா ஓடிட்டே இருக்கற மெஷின் கண்டுபிடிச்சேன்னு எவன் வந்தாலும் இனி பாக்க மாட்டோம்னு கதவ சாத்திட்டாங்க. ஆனா வாட்ஸாப்ல இன்னைக்கும் காந்தம் ஒட்டின ஃபேன் சுத்தற வீடியோ வருது. எங்க சித்தப்பா ஒருத்தரு அதுல பணம் போடப் போறேன்னு வந்தாரு, நான் ஒண்ணுதான் சொன்னேன், அந்த ஆளுகிட்ட அவரு வீட்டு கரண்ட் பில்ல மொதல்ல வாங்கிட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு, இது மத்ததுக்கு நேர் எதிரு. "இஞ்ச புயலு வராது". இத பழமொழின்னு சொல்ல முடியாது ஆனா பழமொழி மாதிரியேதான் நாங்க எல்லாரும் சொல்லிட்டிருந்தோம், புயல்னா மெட்ராசு, கடலூரு, நாகப்பட்டினம், ஆந்திரா. அதுல பாதி உண்மையும் இருந்துது, பூமத்திய ரேகைக்கு ரொம்ப பக்கத்துல, ஒரு அஞ்சு டிகிரிக்குள்ள, பூமி சுத்தறதால கிடைக்கற திருப்பு விசை போதாது, புயல் உருவாகறது அபூர்வம். ஆனா குமரி இருக்கறது எட்டு டிகிரியில. 2017 நவம்பர் 30 ஒக்கி வந்துது. ஒரே நாள்ல தாழ்வு மண்டலமா இருந்தது புயலாச்சு, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுக அப்ப ஆழ்கடல்ல, வாரக்கணக்குல தங்கி மீன் பிடிக்கறவங்க, போன் எட்டாது, வயர்லெஸ்சும் அவ்வளவு தூரம் எட்டாது. ரப்பரும் வாழையும் போனது ஒரு பக்கம், திரும்பி வராத ஆளுகளுக்கு கணக்கு வேற. வேலி தாண்டி வழி தேடறதுக்கு ஒரு "முடியாது" உதவும், ஆனா "வராது"ங்கறது ஆள தூங்க வச்சிரும்.

இப்ப விசைப்படகுல இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியா சேதி எட்டற கருவி) மாட்டியிருக்கு, எச்சரிக்கை நடுக்கடல் வரைக்கும் போவுது. ஆனா சின்னத்துறையில எனக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு, அவன் போன மாசம் சொல்றான், "மக்கா, எதுக்கெடுத்தாலும் கடலுக்குப் போகாதன்னு சொல்லுதாவ, கரையில இருந்தா ஒரு மண்ணும் வரல". டீசலும் ஐஸும் ஏத்தின பெறவு அலர்ட் வந்தா ஐஸ் உருகற காசு அவன் தலையில, கூட வர்றவங்களுக்கு அன்னைக்கு கூலி இல்ல. அலர்ட் போடறவங்க அந்தக் காசுக்கும் ஒரு வழி சொல்லணும், இல்லன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல "இஞ்ச வராது" மறுபடி ஆரம்பிச்சிரும்.