கேளுங்கள், சொல்கிறேன்: சப்பாத்தில் ஒட்டிய ஆறு பிரேம்

கேள்வி: லண்டனில் தொலைக்காட்சிப் படங்களை 'வெட்டுகிற' வேலை செய்தீர்களாமே ஐயா? கத்தரிக்கோலா பிடித்தீர்கள்? (வாசகி, உப்புவெளி)

பதில்: என் அம்மாவும் கடைசிவரை என்னைத் தையல்காரன் என்றுதான் நினைத்திருந்தார், பிள்ளை. எழுபதுகளில் சோஹோவில், வார்டர் வீதிப் பக்கம் ஒரு மாடியறை. நான் எடிட்டர் அல்ல, எடிட்டருக்கு எடுபிடி. அப்போது ஆவணப் படங்களை 16 மி.மீ. பிலிமில் எடுப்பார்கள். 400 அடிச் சுருள் 10 நிமிடம் 40 விநாடி ஓடும். படம் ஒரு சுருளில், குரல் தனியாக ஒரு காந்தச் சுருளில். காலையில் ரஷஸ், அதாவது முதல்நாள் எடுத்தவை, வந்ததும் இரண்டையும் பொருத்தவேண்டியது நான். கிளாப் பலகை மூடும் பிரேமில் (பிலிமில் உள்ள ஒரு தனிப் படம்தான் பிரேம்) பென்சிலால் ஒரு குறி, 'டக்' சத்தத்தில் ஒரு குறி, சரி. கிளாப் அடிக்க மறந்திருந்தால்தான் சீவன் போகும். கதைப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்: ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்டும், அதுதான் பிடி. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகச் செய்யுளை வாத்தியார் படிப்பித்தபோது கொட்டாவி விட்டவன் நான். உதடு ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன என்று இருந்தேன். பிறகு அந்த உதடுதான் சோறு போட்டது.

வெட்டி மிஞ்சிய துண்டை எறியக் கூடாது. துணி விரித்த தொட்டிக்கு மேலே, ஊசிகளில் வரிசையாகத் தொங்கவிடுவோம், திருக்கடலூரில் கருவாடு காய்வது மாதிரி. ஒருநாள் எடிட்டர், "நேற்று வெட்டிய ஆறு பிரேமைத் தா" என்றார். ஆறு பிரேம் என்றால் கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு அங்குலம்கூட இல்லை. இரவு பத்து மணிவரை தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினேன். இல்லை. வீடு போகப் பாதாள ரயிலில் கால்மேல் கால் போட்டு இருந்தபோது, எதிரே இருந்த பெண்மணி என் சப்பாத்தைச் சுட்டிக் காட்டினார். அடியில், ஒட்டு டேப்போடு! முழுக்கக் கீறல். நல்லகாலம், அது வேலைப் பிரதி, வெட்டி ஒட்டுவதற்கென்றே எடுத்த நகல். நெகடிவ் லாபில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் வாங்கிய ஏச்சை இங்கே அச்சிட முடியாது.

கேள்வி: வெள்ளைக்காரர் நமது ஊரில் படமெடுத்தது உண்டா? (வாசகர், மூதூர்)

பதில்: ஏன் இல்லை? விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடிக் கூட்டாளி மைக் வில்சனும் 1956 இல் நம் திருகோணமலைச் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். வில்சன் பிறகு 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். 1962 இல் வெளிவந்தது, சிங்களத்தில் முதல் வண்ணப் படம். அதன் கடலடிக் காட்சிகள் நம் பக்கத்துக் கடலில் எடுத்தவை.

கேள்வி: படத்தில் உங்கள் பெயர் வந்ததா? (மாணவி, நிலாவெளி)

பதில்: உதவியாளர் பெயரை லேசில் போடமாட்டார்கள். ஒருமுறை போட்டார்கள், மூன்று எழுத்து குறைத்து. நான் திரையைக் காட்டிக் கத்துவதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது.