டாக்டரம்மா பதில்: அழுததால் பிரஷர் வந்ததா?

கேள்வி: வயது 26, முதல் பிரசவம், 31 வாரம். கணவர் மலேசியாவில் வேலை செய்கிறார். நேற்று கிளினிக்கில் பிரஷர் 146/94 என்றார்கள். "ராத்திரி முழுக்க அவனை நினைச்சு அழுதா பிரஷர் ஏறாம என்ன செய்யும்?" என்கிறார் மாமியார். உப்பு மீன் விழுதான ஙப்பியையும் நிறுத்திவிட்டார். என் கவலைதான் காரணமா?
– வாசகி, மோல்மேன், மியான்மர்

பதில்: இல்லையம்மா. அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், பிரஷர் ஏறும். கொஞ்ச நேரத்தில் இறங்கியும் விடும். கவலை ஹார்மோன் என்கிறார்களே, அந்தக் கார்ட்டிசாலோ, சிரித்துக்கொண்டே இருக்கும் கர்ப்பிணிக்கும் பிரசவம் நெருங்கும்போது இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதைத் தூண்டும் ஹார்மோனை நஞ்சே, அதாவது பிள்ளைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியே, சுரக்கிறது. பிள்ளையை எட்டுமுன் அதில் பெரும்பகுதியை முடக்கும் நொதியும் அதே நஞ்சில்தான்.

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போனால், வேர் பெரும்பாலும் அந்த நஞ்சில் இருக்கும். ஆரம்ப மாதங்களில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். அகலாவிட்டால், ரத்தம் போதாத நஞ்சு தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலந்துவிடுகிறது. உடம்பெங்கும் குழாய்கள் இறுகுகின்றன. நீங்கள் இப்போது அழும் அழுகைக்கு மாதக்கணக்கில் முந்திய சங்கதி அது.

ஙப்பியா? உப்பைக் குறைத்து இதைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிண்ணம் கிண்ணமாக வேண்டாம், தொட்டுக்கொள்ளலாம். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனால் ஒரே அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவளுக்கு உடனே பட்டையைக் கட்டி, 150 பார்த்துப் பதறி, கால் மணி கழித்து 124 பார்த்து நானே வெட்கப்பட்டிருக்கிறேன். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். மறுபடியும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் நிஜம்தான். இன்றே போய் அளந்து, சிறுநீரில் புரதமும் பாருங்கள்.

160/110ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகவீக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்தது வலிப்பாக இருக்கலாம். அதைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி ஆஸ்பத்திரியில் போட வேண்டியது.

அப்புறம், மாமியாருக்கும் ஒன்று: பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை இது எட்டிப் பார்க்கலாம். அந்த நாட்களில் மருமகள் தலைவலி என்றால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.