ராணுவத்துக்குப் புதுக் கைத்துப்பாக்கி முக்கியமா, கூடுதல் பயிற்சி முக்கியமா?

சர்வீஸ் பிஸ்டல் என்பது ராணுவம் தன் வீரர்களுக்கு அதிகாரப்பூர்வமாக வழங்கும் கைத்துப்பாக்கி. அமெரிக்க ராணுவம் 1985-இல் பெரெட்டா எம்9-ஐ ஏற்றது. 2017-இல் அதன் இடத்துக்கு சிக் சாவர் எம்17-ஐத் தேர்ந்தெடுத்தது.

மாற்றத்தில் பயன் உண்டு. எம்9-இல் முதல் குண்டுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும். அடுத்தடுத்த குண்டுகளுக்கு லேசாக இழுத்தாலே போதும். எம்17-இல் எப்போதும் ஒரே இழுப்புதான். பிடியையும் கை அளவுக்கேற்ப மாற்றலாம். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் குறி தப்புவது பெரும்பாலும் கையால்தான். வெடிச்சத்தத்தை எதிர்பார்த்து, சுடுவதற்கு ஒரு கணம் முன்பே மணிக்கட்டு கீழே இறங்கிவிடும். குழல் 1 டிகிரி விலகினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 44 செ.மீ. தள்ளிப் போகும். துப்பாக்கியை மாற்றினாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும். பயிற்சியாளர்கள் நிஜக் குண்டுகளோடு வெடிமருந்து இல்லாத போலிக் குண்டு ஒன்றைக் கலந்து வைப்பார்கள். அது வெடிக்காதபோது துப்பாக்கி முனை சட்டென்று தாழ்வதைச் சுடுபவரே பார்த்துவிடுவார்.

கேரம் ஆடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். சுண்டும்போது விரல் கோணினால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்ட்ரைக்கர் வாங்கினாலும் காய் குழிக்குப் போகாது. என்னைக் கேட்டால் பணத்தை முதலில் பயிற்சிக்குத்தான் ஒதுக்க வேண்டும்.

அவ்வப்போது நடக்கும் தகுதித் தேர்வையே பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் சோதனை, பயிற்சி என்பது குண்டில்லாத துப்பாக்கியில் விசையைக் குறி அசையாமல் இழுக்க அடிக்கடி பழகுவது.