வேகமான பையன், ஆனால் ஆட்டத்துக்கு ஒரு பெனால்டி

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கால்பந்து அணியில் என் மகன் சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) ஆடுகிறான். வயது 15. நல்ல வேகம். ஆனால் சறுக்கிப் பந்தைப் பறிக்கப் போய் பெனால்டி கொடுத்துவிடுகிறான். மலேசியத் தற்காப்பு வீரர் 'தவுக்கே' சோ சின் ஆன் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவரைப் போல் ஆட எப்படிப் பழக்குவது?

பதில்: வேகமான பையன்களுக்குத்தான் இந்தக் கோளாறு அதிகம். ஓடிப் பிடித்துவிடலாம் என்ற தைரியத்தில் இடம் பார்த்து நிற்க மாட்டார்கள். பிந்திப் போய்க் காலை வீசுவார்கள். 1969 முதல் 1984 வரை மலேசியாவுக்காக 190-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய 'தவுக்கே'யின் பலம் பந்து எங்கே விழும் என்ற கணிப்பு. முன்னால் அவருடைய ஜோடித் தற்காப்பாளர் சந்தோக் சிங் மோதுவார், தப்பி வரும் பந்தை இவர் பின்னாலிருந்து எடுப்பார்.

முதலில் நிற்கும் முறையை மாற்றுங்கள். எதிராளியை நோக்கி வேகமாக ஓடலாம். ஆனால் கடைசி 3 மீட்டரில் அடியைச் சுருக்கி, சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றுவிட வேண்டும். நேருக்கு நேர் நின்றால் கால்களுக்கு நடுவிலேயே பந்து போய்விடும். உடம்பைச் சாய்வாகத் திருப்பி, முட்டியை மடக்கி, முன்பாதத்தில் எடை வைத்து, ஓரக்கோட்டுப் பக்கம் மட்டும் வழி விடட்டும். கண் பந்தில் இருக்கட்டும், எதிராளியின் காலாட்டத்தில் வேண்டாம். பந்து அவன் காலைவிட்டு ஓரடி விலகும் அந்தத் தொடுதலில்தான் கால் போட வேண்டும். அதுவரை பின்வாங்கிக்கொண்டே நேரம் கடத்துவது கோழைத்தனம் அல்ல, நல்ல தற்காப்பு.

பயிற்சிக்கு 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் கட்டம் போட்டு ஒருவருக்கு ஒருவர் ஆட விடுங்கள். சறுக்கித் தரையில் விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. இந்த ஒரு விதியே பாதிக் கோளாறைச் சரிசெய்யும். எட்டு முறை போதும், நடுவில் முக்கால் நிமிட ஓய்வு. களைத்த காலோடு பழகினால் பழைய தவறுதான் திரும்பும்.

அடுத்து ஜோடி. ஒருவன் பந்துக்குப் போனால் மற்றவன் 5 மீட்டர் அளவில் குறுக்காகப் பின்னால் நிற்க வேண்டும். இருவரும் சேர்ந்து போனால் ஒரே தட்டில் கோல் முன்னே திறந்துவிடும். வெறுமனே 'விடு' என்று கத்தாமல் பெயரோடு சேர்த்து, 'குமார், என் பந்து' என்று கூப்பிடப் பழக்குங்கள்.

ஆனால் தவுக்கே காலத்து ஆட்டத்தை அப்படியே நகலெடுக்க முடியாது. அன்று சக வீரர் காலால் தட்டித் திருப்பிய பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். 1992 முதல் அது தவறு, எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை). தலையாலோ நெஞ்சாலோ தருவதற்குத் தடையில்லை. 1990-க்கு முன், பந்து தரப்படும் நொடியில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரோடு (கோல்கீப்பரும் கணக்கில் உண்டு) முன்வீரர் சமவரிசையில் நின்றாலே ஆஃப்சைட். இன்று அது ஆஃப்சைட் இல்லை. ஸ்வீப்பராக, அதாவது மற்றத் தற்காப்பாளர்களுக்கும் பின்னால், ஆழத்தில் ஒதுங்கி நின்றால் எதிரணி முன்வீரர்கள் அத்தனை பேரும் ஆஃப்சைட் ஆகாமல் உள்ளே வருவார்கள். ஆகவே அவரிடமிருந்து எடுக்க வேண்டியது கணிப்பு. நின்ற ஆழம் வேண்டாம்.

சட்டையைப் பிடித்து இழுப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உறுதியான கோல் வாய்ப்பை பெனால்டி பெட்டிக்குள் தடுத்தாலும், பந்தை எடுக்க உண்மையாக முயன்றதில் நேர்ந்த தவறு என்றால் 2016 முதல் மஞ்சள் அட்டைதான். இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்பு. பெட்டிக்கு வெளியே என்றால் எப்படித் தடுத்தாலும் சிவப்பு.

சாயங்கால மழைக்குப் பிறகு தோட்டத் திடல்களில் கோல்முனைதான் முதலில் சேறாகும். ஆட்டத்துக்கு முன் அங்கே நாலைந்து பந்தை உருட்டி, எங்கே நின்றுவிடுகிறது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். அந்த இடத்தில் கோல்கீப்பருக்குத் தட்ட வேண்டாம். ஓரக்கோட்டுக்கு வெளியே அடிக்கட்டும்.